உடைத்துப் பார்க்க முடியாத பழம்

இலஞ்சி அண்ணாச்சிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டேன். ஐந்தருவி ரோட்டில் சீசனுக்குப் பழக்கடை போடுகிறவர், மகளை பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படிக்க வைத்தவர், போன வருடம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்து கூட்டி வந்தவர் என்று நான்கு பக்கம் உங்களைப் பற்றிச் சொல்லிவிட்டு, கடைசி நாலு வரியில்தான் விஷயத்துக்கு வருகிறீர்கள். மகளுக்கு மருத்துவக் கருவிகள் செய்கிற ஒரு கம்பெனியில், ‘குவாலிட்டி’ பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. சொந்தக்காரர்களோ அது டிக் அடிக்கிற வேலை, அடுத்தவன் செய்ததில் நொட்டை சொல்கிற வேலை, பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு அந்தப் பொல்லாப்பு என்கிறார்கள். மத்தளம்பாறையில் ஜோஹோ இருக்கும்போது பிள்ளையை எதற்கு அசலூருக்கு அனுப்ப வேண்டும் என்று வீட்டிலும் கேட்கிறார்கள். ‘நீங்கள் அந்த வேலையில் இருந்தவர்தானே, உள்ளதைச் சொல்லுங்கள்’ என்று முடித்திருக்கிறீர்கள்.

27 வருடம் அந்த டிக் அடிக்கிற வேலையில்தான் சோறு சாப்பிட்டேன். அதனால் என் பேச்சில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும். அதற்குத் தகுந்த கழிவு போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தொழிலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மங்குஸ்தான் வாங்க வருகிறவர்களுக்கு நீங்கள் ஒரு வித்தை காட்டுவீர்கள் இல்லையா? பழத்தைத் திருப்பி, அடியில் பூப்போலப் பதிந்திருக்கும் தழும்பைக் காட்டி, இதழ் எத்தனையோ உள்ளே சுளையும் அத்தனை என்பீர்கள். உடைத்தால் சரியாக ஆறு இதழுக்கு ஆறு சுளை இருக்கும். மதுரைக்காரர் அசந்துபோய் இரண்டு கிலோ வாங்கிப் போவார். ஆனால் உங்களுக்குத் தெரியும், அந்த இதழ் சுளையின் எண்ணிக்கையைத்தான் சொல்லும், சுளையின் குணத்தைச் சொல்லாது. மழை கூடின வருடத்தில் உள்ளே மஞ்சள் பால் இறங்கிக் கசக்கும். வெள்ளைச் சுளை கண்ணாடி மாதிரி நீர்கோத்துப் போயிருக்கும். தோல் கல்லாக இறுகியிருந்தால் விரலால் அமுக்கிப் பார்த்தே தள்ளிவிடலாம். மற்றதெல்லாம் உடைத்தால்தான் தெரியும். உடைத்த பழத்தை விற்க முடியாது.

மருத்துவக் கருவி செய்கிறவர்களின் மொத்தச் சங்கடமும் இதுதான். ஊசியில்லாத சிரிஞ்ச், காயத்துக்கு வைக்கிற காஸ் துணி, இதய ரத்தக் குழாயில் வைக்கிற ஸ்டென்ட் என்று எதை எடுத்தாலும், கவரைப் பிரித்துச் சோதித்த பொருள் நோயாளிக்குப் போகாது. நோயாளிக்குப் போகிற பொருளை யாரும் பிரித்துச் சோதித்திருக்க மாட்டார்கள். சிலதை உடைத்துப் பார்த்து மீதியை நம்ப வேண்டும்.

அந்த நம்பிக்கை எவ்வளவு தாங்கும் என்று ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பேட்சில் பத்தாயிரம் காஸ் பொட்டலம். அதில் நூற்றுக்கு ஒன்றில் கிருமி இருக்கிறது. ஆக, நூறு பொட்டலம் கெட்டது. சோதனைக்கு 20 பொட்டலம் எடுக்கிறோம். அந்த இருபதில் ஒன்றுகூடக் கெட்ட பொட்டலமாக அமையாமல் போவதற்கு எவ்வளவு வாய்ப்பு? நூற்றுக்கு 82. அதாவது ஐந்தில் நான்கு தடவை அந்த பேட்ச் ‘பாஸ்’ என்று முத்திரை வாங்கி லாரி ஏறிவிடும். கெட்ட பொட்டலம் நூறும் எங்காவது நூறு பேர் புண்ணில் உட்காரும். சோதித்தவன் பொய் சொல்லவில்லை, சோம்பலும் படவில்லை. எடுத்த இருபதும் நல்லவை, அவ்வளவுதான்.

சோதித்துத் தள்ளுகிற இந்த வேலைக்குப் பெயர் தரக் கட்டுப்பாடு, தொழிலில் க்யூசி என்போம். அது போதாது என்று தெரிந்த பிறகு வந்தது தர உறுதி, அதாவது க்யூஏ. பழத்தை விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போவது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மரம், எப்போது மழை, யார் பறித்தார், பறித்த பழம் கீழே விழுந்ததா, கூடையில் எத்தனை அடுக்கு என்று ஒவ்வொன்றையும் கட்டிப்போட்டு, எழுதியும் வைத்து, ‘இப்படி வந்த பழம் கெட முடியாது’ என்று சொல்கிற நிலைக்கு வருவது. கிருமி நீக்குவதில் இதை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? எளிதில் சாகாத ஒரு பாக்டீரியாவின் வித்துகளைக் காகிதத் துண்டில் ஏற்றி, லோடில் கிருமி கொல்லும் வாயு போய்ச் சேர மிகவும் சிரமப்படுகிற மூலைகளில் வேண்டுமென்றே ஒளித்து வைப்பார்கள். எத்தனை நேரத்தில் அவ்வளவும் சாகிறது என்று பார்த்து, தினப்படி ஓட்டத்துக்கு அதைப்போல இரண்டு மடங்கு நேரம் வைப்பார்கள். பத்து லட்சம் பொட்டலத்தில் ஒன்றுக்கு மேல் தப்பக் கூடாது என்பது உலகம் ஒப்புக்கொண்ட அளவு. 20 பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து அந்த அளவை எந்தக் காலத்திலும் நிரூபிக்க முடியாது. எந்திரத்தையும் நேரத்தையும் வெப்பத்தையும் பதிவேட்டையும் வைத்துத்தான் நிரூபிக்க முடியும்.

பதிவேடு என்றதும் அலுப்பாக இருக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நம் பக்கத்தில் இந்தத் தொழில் எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி தாண்டி ராஜபாளையம் போய்க் கிழக்கே திரும்பினால் சத்திரப்பட்டி. விசைத்தறிச் சத்தம் கேட்கிற ஊர். பேண்டேஜ் துணியும் காஸும் அங்கிருந்து நாடு முழுக்கப் போகின்றன. ‘துணிதானே’ என்று நினைப்போம். சட்டத்துக்கு அதுவும் மருத்துவக் கருவி. ஓரளவு நீளத்துக்குப் பாவில் எத்தனை இழை, ஊடையில் எத்தனை இழை, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று மருந்துச் சட்ட விதிகளில் அட்டவணையே இருக்கிறது.

நான் முதலில் கற்றுக்கொண்ட சோதனையும் காஸிலும் பஞ்சிலும்தான். அதற்கு லேப் வேண்டாம், உங்கள் வீட்டு அடுக்களையிலேயே செய்யலாம். அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, கடையில் வாங்கிய மருத்துவப் பஞ்சில் ஒரு கொத்து எடுத்து, அமுக்காமல் மேலே போடுங்கள். பத்து நொடிக்குள் நனைந்து முழுக வேண்டும். மிதந்துகொண்டே இருந்தால் அது தலையணைப் பஞ்சு. பருத்தியின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகு உண்டு. தறியில் பாவு அறுந்துவிடாமல் இருக்கப் போட்ட கஞ்சியும் காடாத்துணியில் சேர்ந்திருக்கும். காரத்தில் நன்றாக வேகவைத்து இரண்டையும் எடுத்தால்தான் துணி ரத்தத்தை உறிஞ்சும். வேகவைப்பதில் விறகும் நேரமும் மிச்சம் பிடித்தவனின் துணி பார்க்க வெள்ளையாக இருக்கும், தண்ணீரில் மிதக்கும். ஒரு சொட்டு அயோடின் விட்டால் கஞ்சி இருக்கும் இடம் நீலமாகிக் காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவதுபோல வெண்மையூட்டும் ரசாயனம் சேர்க்கிறவர்களும் உண்டு. அதை இருட்டறையில் புற ஊதா விளக்கைப் பிடித்துப் பார்ப்போம். பளீரென்று நீலம் அடித்தால் அத்தனையும் ரிஜெக்ட். கண்ணுக்கு அழகாக இருப்பதையே சந்தேகப்படுகிற ஒரு கெட்ட பழக்கம் அந்த இருட்டறையில்தான் எனக்கு ஒட்டிக்கொண்டது. என் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது பதிவேட்டுக்கு வருகிறேன், என் குற்றத்தோடு சேர்த்து.

1990களின் நடுவில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். பெயர் வேண்டாம். ஆவி எந்திரத்தில் காஸ் பொட்டலங்களை ஏற்றி, 121 டிகிரி வந்த பிறகு குறித்த நேரம் வைத்திருந்து இறக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை டிகிரியையும் அழுத்தத்தையும் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதி இனிஷியல் போட வேண்டும். முதல் மாதம் ஒழுங்காக எழுதினேன். எந்த நாளும் 121, எந்த நாளும் 15 பவுண்டு. ஒரே எண்ணை எதற்காக ஓடி ஓடிப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. சாயங்காலம் டீ குடித்துவிட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து உள்ளதை ஒரே மூச்சில் எழுத ஆரம்பித்தேன். நம்பும்படி இருக்க நடுவில் ஒரு 121.5, ஒரு 120.8 என்று போட்டுக்கொள்வேன். பேனாவைக்கூட மாற்றுவேன்.

மடிப்புப் பிரிவில் ஒரு அக்கா இருந்தார். எட்டாவது படித்தவர். காஸை எட்டாக மடித்துப் பொட்டலம் போடுகிற வேலை. ஒருநாள் சாயங்காலம் என் மேசைப் பக்கம் வந்தவர் திறந்திருந்த ரிஜிஸ்டரைப் பார்த்தார். சத்தமே போடவில்லை. ‘தம்பி, இன்னைக்குப் பதினொன்றரைக்குப் போன கரண்ட் ஒரு மணிக்குத்தானே வந்துச்சு? பன்னிரண்டு மணிக்கு 121 போட்டிருக்கியளே’ என்றார்.

அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அவர் பாட்டுக்குப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அன்று இறங்கிய லோடு முழுவதையும் திரும்ப ஏற்ற வேண்டும் என்று முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ‘இன்றைக்கு மட்டும்தானா?’ எத்தனை நாளாக அப்படி எழுதினேன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அதற்கு முன்னால் போன லோடுகள் பெரும்பாலும் சரியாகத்தான் இருந்திருக்கும், எந்திரம் நல்ல எந்திரம். ஆனால் ‘இருந்திருக்கும்’ என்ற சொல்லைத் தவிர என் கையில் வேறொன்றும் இல்லை. இன்றுவரை இல்லை.

இது சின்ன ஊர்க் கதை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஷைலி என்று ஒரு கம்பெனி. அப்போது பைசருக்குச் சொந்தமாக இருந்தது. 1979 முதல் 1986 வரை ‘பியோர்க்-ஷைலி’ என்ற இதய வால்வில் ஒரு புது வடிவத்தை விற்றது. உலகம் முழுக்க ஏறக்குறைய 86,000 பேருக்குப் பொருத்தினார்கள். வால்வில் வட்டமான தட்டு ஒன்று கதவுபோலச் சாய்ந்து திறந்து மூடும். அதைப் பிடித்துக்கொள்ள மெல்லிய உலோகக் கம்பிகள் உண்டு. அதில் ஒரு கம்பியை வளையத்தோடு வெல்டிங் செய்திருந்தார்கள். வெல்டிங் செய்த இடம் முறிந்தால் தட்டு கழன்று ரத்தத்தோடு ஓடிவிடும். அறுநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு அப்படி நடந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் பிழைக்கவில்லை. 1990இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று தோண்டியபோது, விரிசல் கண்ட ஒட்டுகளைத் திரும்ப ஒட்டிச் சரிசெய்ததாக எழுதிய சீட்டுகள் கிடைத்தன. அவற்றில் பலவற்றில் ஒட்டியவர் என்று குறித்திருந்த ஊழியர், அந்தத் தேதிக்கு மாதங்கள் முன்பே வேலையை விட்டுப் போயிருந்தவர். அங்கேயும் ஒரு ரிஜிஸ்டர், அங்கேயும் சாயங்காலம் உட்கார்ந்து எழுதிய யாரோ ஒருவர். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு மடிப்புப் பிரிவு அக்காவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

வால்வு என்றதும் நம் பக்கத்து ஆட்களுக்கு ஞாபகம் வருவது ‘சித்ரா’, அதாவது திருவனந்தபுரத்து ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம். தென்காசியிலிருந்து ஆரியங்காவு, புனலூர் வழியாக நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். நெஞ்சுவலி என்றால் செங்கோட்டைக்காரர்கள் சென்னையை நினைக்கும் முன் திருவனந்தபுரத்தை நினைப்பார்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர்தானே, கால் தானாக அந்தப் பக்கம் போகும். ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவு பூஜப்புரையில், சாட்டல்மண்ட் அரண்மனை என்ற பழைய மாளிகையில் இருக்கிறது. திருவிதாங்கூரை ஆண்ட சேது லட்சுமி பாய் வாழ்ந்த வீடு அது. அந்த அரண்மனையில்தான் 1970களின் கடைசியிலிருந்து டாக்டர் எம்.எஸ். வலியத்தானும் அவரது குழுவினரும் இந்தியாவிலேயே இதய வால்வு செய்ய உட்கார்ந்தார்கள். சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து வால்வு கெட்ட ஏழைப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். வெளிநாட்டு வால்வின் விலை அவர்களுக்கு எட்டவில்லை.

எனக்கு அந்தக் கதையில் பிடித்தது அவர்கள் ஜெயித்தது அல்ல. தோற்றதை எழுதி வைத்தது. ஒரு வடிவத்தில் வெல்டிங் விட்டது. இன்னொன்றில் உலோகம் தேய்ந்தது. செயற்கை நீலக்கல்லில் தட்டுச் செய்த வடிவம் எந்திரச் சோதனையில் அருமையாக ஓடியது. ஆட்டுக்குப் பொருத்திப் பார்த்தபோது தட்டு உடைந்தது. மூன்றையும் மூட்டை கட்டினார்கள். நான்காவதில் சட்டத்தைக் கோபால்ட்-குரோமியம் கலந்த உலோகத்தில், ஒட்டே இல்லாமல் ஒரே துண்டிலிருந்து கடைந்து எடுத்தார்கள். தட்டுக்கு மூலக்கூறு எடை மிக அதிகமான ஒருவகை பாலிஎதிலீன் பிளாஸ்டிக். கேட்டால் மட்டமான பண்டம் மாதிரி இருக்கும். நீலக்கல் எங்கே, பிளாஸ்டிக் எங்கே! ஆனால் ஜெயித்தது பிளாஸ்டிக்.

இதயம் நிமிடத்துக்கு 72 தடவை துடித்தால் ஒரு நாளைக்கு லட்சத்துக்கு மேல், ஒரு வருடத்துக்கு நாலு கோடிக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது உலகத் தர விதி இப்படிப்பட்ட வால்வை 40 கோடி தடவை எந்திரத்தில் திறந்து மூடிக் காட்டச் சொல்கிறது. பத்து வருட வாழ்க்கை. வேகமாக ஓட்டினாலும் மாதக்கணக்கில் ஓடும். அவ்வளவு நாளும் ஒருவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணையும் தேய்மானத்தையும் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் சொந்தக்காரர்கள் சொல்கிற டிக் அடிக்கிற வேலை அதுதான்.

1990 டிசம்பர் 6 அன்று சித்ரா வால்வை முதல் மனிதருக்குப் பொருத்தினார்கள். உடனே கடைக்கு அனுப்பிவிடவில்லை. ஆறு மருத்துவமனைகளில் 306 பேருக்குப் பொருத்தி, 1995 வரை ஒவ்வொருவராகப் பின்தொடர்ந்து கணக்கு வைத்தார்கள். அதன் பிறகுதான் டிடிகே நிறுவனம் பெரிய அளவில் விற்றது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தியாயிற்று. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார். எங்கள் தெருவில் ஒரு சித்தி இந்த வகை வால்வோடு இருக்கிறார். இரவில் எல்லோரும் அடங்கிய பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் கைக்கடிகாரம்போல ஒரு சத்தம் கேட்கும். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை போட வேண்டும், அது ஒன்றுதான் தொல்லை என்பார். வால்வைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் ரொம்ப மெதுவாகத்தான் நடந்தது. இதய வால்வு, ஸ்டென்ட், கண் லென்ஸ், எலும்புக்குப் பொருத்துகிற பொருட்கள் எல்லாம் 2005இல்தான் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்தன. மருத்துவக் கருவிகளுக்கென்று தனி விதிகள் 2017இல் எழுதப்பட்டு, 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஆபத்துக்கு ஏற்ப ஏ, பி, சி, டி என்று நாலு வகுப்பு. காஸ் ஏ-யில், இதய வால்வு டி-யில். மற்றக் கருவிகள் அத்தனையையும் இதே வலைக்குள் கொண்டுவரும் அறிவிப்பு 2020 பிப்ரவரியில் வந்தது. கொரோனா அப்போது வாசலில் நின்றது. அந்த இரண்டு வருடத்தில் ஆக்சிஜன் அளக்கும் சின்னக் கருவியை விரலில் மாட்டாமல் பேனாவில் மாட்டியும் 98 காட்டுகிற வீடியோக்கள் நம் எல்லோர் போனிலும் வந்தன. பேனாவுக்கு மூச்சு நன்றாக இருக்கிறது என்று சிரித்துவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போனோம். அதை நம்பி வீட்டிலேயே இருந்துவிட்டவர்களை யாரும் எண்ணவில்லை.

சட்டம் இருந்தும் ஒன்று நடந்தது. அதை உங்கள் அம்மாவுக்காகவே சொல்கிறேன். ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிபியூ நிறுவனம் ஏஎஸ்ஆர் என்று ஒரு செயற்கை இடுப்பு மூட்டு விற்றது. உலோகத்தோடு உலோகம் உரசுகிற அமைப்பு. தேய்ந்து, கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன்கள். மத்திய அரசு அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கை வெளிவந்தது 2018இல். அதில், ஏறக்குறைய 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றார்கள். பொருள் கெட்டது ஒரு பக்கம். யார் உடம்பில் இருக்கிறது என்ற சீட்டு இல்லை என்பது இன்னொரு பக்கம். நஷ்ட ஈடு தர ஆள் இருந்தும் வாங்க ஆளைத் தேட வேண்டியதாயிற்று. நான் கரண்ட் இல்லாத நேரத்துக்கு 121 போட்டேனே, அதே நோய்தான் இங்கே மருத்துவமனை ஆவண அறை வரைக்கும் பரவியிருந்தது.

நல்லதும் ஒன்று சொல்ல வேண்டும். நம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், 1994இல் தொடங்கியது, அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்கும் மருந்துகளை பேட்ச் பேட்சாகச் சோதனைக்கு அனுப்புகிறது. கம்பெனியின் பெயரை மறைத்து, எண் மட்டும் போட்டு அனுப்புவார்கள். சோதிக்கிறவருக்கு இது யார் வீட்டுச் சரக்கு என்று தெரியாது. தென்காசி அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கும்போது எரிச்சல் வந்தால் இதை நினைத்துக்கொள்வேன். எரிச்சல் போகாது, ஆனாலும் நினைத்துக்கொள்வேன்.

சரி, மகள் விஷயம்.

வேலையைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தக் கம்பெனியைப் பற்றித்தான் தெரியாது. சேருவதற்கு முன் அவள் மூன்று கேள்வி கேட்கட்டும். ஒன்று, சரக்கு லாரியில் ஏறி நிற்கும்போது ‘இது போகக் கூடாது’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? உற்பத்தி மேனேஜரைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றால் அந்தக் குவாலிட்டி வெறும் முத்திரைக் கட்டைதான், உங்கள் சொந்தக்காரர்கள் சொன்னது அங்கே சரி. இரண்டு, போன மாதம் எத்தனை ரிஜெக்ட்? ‘எங்களிடம் ரிஜெக்டே கிடையாது’ என்று பெருமை பேசினால் எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள். ஒரு பழம்கூட அழுகவில்லை என்று சொல்கிற மொத்த வியாபாரியை நீங்கள் நம்புவீர்களா? மூன்றாவது கேள்வியை நேராகக் கேட்க வேண்டாம், பேச்சோடு பேச்சாகக் கேட்கலாம்: நோயாளிகளிடமிருந்து வந்த புகார்களை யார் படிக்கிறார்? விற்பனைப் பிரிவு படிக்கிறது என்றால் மன்னிப்புக் கடிதத்தோடு முடிந்திருக்கும். குவாலிட்டி படிக்கிறது என்றால் அந்தப் புகார் கிளம்பிய எந்திரம் வரைக்கும் போயிருக்கும்.

பொல்லாப்பு உண்டா என்றால், உண்டு. மாதக் கடைசியில் சரக்கை நிறுத்துகிறவளை யாருக்கும் பிடிக்காது. கேண்டீனில் மேசை மாறி உட்காருவார்கள். சம்பளம் ஐ.டி.யை விடக் குறைவாகத்தான் இருக்கும், அதையும் மறைக்கவில்லை. ஆனால் ‘பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு’ என்பதை மட்டும் விட்டுவிடுங்கள் அண்ணாச்சி. என் ரிஜிஸ்டரில் பொய்யைக் கண்டுபிடித்தவர் எட்டாவது படித்த ஒரு பெண். உங்கள் மகள் இன்ஜினியர்.

கடைசியாக, அம்மாவின் கண். கண்புரை எடுத்துவிட்டு உள்ளே வைக்கிற லென்ஸ் ரொம்பச் சின்னது. அது வந்த டப்பாவில் உரித்து ஒட்டுகிற ஸ்டிக்கர்கள் இருக்கும்: செய்தவர் பெயர், மாடல், பவர், வரிசை எண், காலாவதி தேதி. ஒன்றை ஆஸ்பத்திரிப் பதிவில் ஒட்டுவார்கள், ஒன்றை நோயாளியின் சீட்டில் ஒட்டித் தர வேண்டும். அந்த லென்ஸ் மதுரை ஆரோலேப் செய்ததாக இருக்கலாம். 1992இல் தொடங்கி, வெளிநாட்டு லென்ஸின் விலையில் ஒரு சின்னப் பங்குக்கு லென்ஸ் தந்து உலகத்துக்கே அனுப்புகிறவர்கள். வேறு கம்பெனியுடையதாகவும் இருக்கலாம். எதுவானாலும் எண் உங்கள் கையில் இருக்க வேண்டும். நாளைக்கு ‘இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை’ என்று ஓர் அறிவிப்பு வந்தால், உங்கள் அம்மா அந்த 3,600 பேரில் ஒருவராக ஆகிவிடக் கூடாது. பொருத்திய கருவியால் தொல்லை என்று சந்தேகம் வந்தால் டாக்டரிடம் சொல்வதோடு, 2015இல் மத்திய அரசு தொடங்கிய கருவிக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் சொல்லலாம். கட்டணமில்லாத எண் 1800-180-3024. பொதுமக்களே கூப்பிடலாம், பலருக்கு அது தெரியாது.

டிஸ்சார்ஜ் ஆனபோது கொடுத்த பச்சையோ நீலமோ ஒரு அட்டை பீரோவில் எங்காவது கிடக்கும். இன்றைக்கே தேடி எடுங்கள். ஸ்டிக்கர் இருந்தால் போனில் ஒரு படம் எடுத்துவிட்டு, அட்டையை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். இல்லையென்றால் ஆபரேஷன் செய்த இடத்துக்கு மகளையே அனுப்பிக் கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தென்காசியிலிருந்து உங்கள் கட்டுரையாளன்